ஹிட்லர் கலர் படச்சுருள்கள்: எது அசல், எது பூசினது? (வாசிகசாலைத் திரையிடலுக்கு)

பாலியாறு கேட்டது:

கிளிநொச்சிப் பக்கம் ஒரு வாசிகசாலை மண்டபத்தில் ஹிட்லரின் எழுச்சியும் வீழ்ச்சியும் பற்றி 35 நிமிட விவரணம் போட வேண்டும். பார்க்க வருவது சாதாரணதர, உயர்தர வகுப்புப் பிள்ளைகளும் பெற்றோரும். பழைய ஆவணக் காட்சிகளை வெட்டி ஒட்டித் தமிழில் குரல் கொடுக்கிற வேலைதான். கறுப்பு வெள்ளை என்றால் பிள்ளைகள் போனை எடுத்துவிடுவார்கள், ஆகவே முழுக்கக் கலரில் வேண்டும் என்று குழுவில் சொல்கிறார்கள். ஹிட்லர் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்துத் தோற்ற 1923 முனிச் கலகம்கூட யூரியூப்பில் கலரில் ஓடுது, அதுதான் சந்தேகம்.

உண்மையாகவே கலர் பிலிமில் எடுத்ததையும் பிறகு பூசினதையும் எப்படிப் பிரிக்கிறது? உரிமைச் சிக்கல் இல்லாத நல்ல பிரதி எங்கே கிடைக்கும்? எல்லாரும் ஓட்டமும் நடையுமாகத் திரியிறதைச் சரிப்படுத்தலாமா? கையில் இருப்பது டாவின்சி ரிசோல்வ் படத்தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பு, 3000 லூமன் புரொஜெக்டர், தகரக்கூரை மண்டபம்.

கனகராயன் பதில்:

முதலில் வருடத்தைப் பாருங்கோ. பாதிக் கேள்விக்கு அதுவே பதில் சொல்லிவிடும். கொடக் நிறுவனத்தின் கலர் பிலிமான கொடக்ரோம் 16 மி.மீ. சுருள் கடைக்கு வந்தது 1935 இல், 8 மி.மீ. 1936 இல். ஜேர்மனியின் அக்ஃபாகலர் வந்ததும் 1936 இல்தான். அதற்கு முன் 1928 முதல் கொடாகலர் என்று ஒன்று இருந்தது. அதற்கு வில்லையில் விசேட வடிகட்டி போட வேண்டும், கொளுத்துகிற வெயிலும் வேண்டும், ஆகவே மிக அரிது. எனவே 1935 க்கு முந்திய ஹிட்லரைக் கலரில் கண்டால் பூசினது என்று எடுத்துக்கொண்டு மேலே போகலாம். 1923 கலகம் கலரில் எடுக்கப்படவில்லை. பிறகு ஒவ்வொரு நவம்பர் 9 ஆம் திகதியும் அதே பாதையில் கட்சிக்காரர் நினைவு ஊர்வலம் போனார்கள். அதைத்தான் கலகம் என்று வெட்டி ஒட்டிவிடுகிறார்கள். கலகக்காரர் இஸ்திரி போட்ட சீருடையோடு வரிசை குலையாமல் நடந்தால் அது நினைவு ஊர்வலம்.

அடுத்தது வெளிச்சம். அந்தக் காலக் கொடக்ரோமின் உணர்திறன் இன்றைய கணக்கில் ஏறக்குறைய ஐஎஸ்ஓ 10. நல்ல பகல் வெளிச்சம் இல்லாமல் படம் விழாது. அசல் கலரில் கிடைப்பவை மொட்டை மாடி, பனிமலை, தெரு ஊர்வலம் என்று வெளியிலேயே இருப்பதற்குக் காரணம் இதுதான். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933 ஜனவரி 30 இரவுத் தீப்பந்த ஊர்வலத்தைச் செக்கச்சிவந்த கலரில் யாரும் காட்டினால் அந்தச் சிவப்பு கொம்பியூட்டரில் பூசினது.

கண்ணால் பார்த்துப் பிடிக்கிற அடையாளங்களும் உண்டு. பூசின படத்தில் எல்லா முகமும் ஒரே மாநிறம். வெயிலில் நிற்கிற கொடியும் நிழலில் நிற்கிற கொடியும் ஒரே சிவப்பு. கை அசையும்போது தோல் நிறம் பின்னால் இருக்கிற சுவரில் ஒழுகும். தானியங்கி மென்பொருளால் பூசியிருந்தால் ஒருவரின் சட்டை மூன்று செக்கனுக்குள் நீலத்தில் இருந்து மண்ணிறத்துக்குப் போய்த் திரும்பும்.

இன்னும் உறுதியாகப் பார்க்க வேண்டுமென்றால் ரிசோல்வின் கலர் பக்கத்தில் ஆர்ஜிபி மிக்ஸரைத் திறந்து, மொனோகுரோமைத் தட்டி, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கோ. அசல் கலர் பிலிமில் மூன்று நிறப் படலத்துக்கும் தனித்தனி மணி (கிரெய்ன், படத்தில் தெரிகிற நுண்பொட்டுகள்) இருக்கும், ஒன்றின் பொட்டு மற்றதில் அதே இடத்தில் விழாது. பூசின படத்தில் மூன்றிலும் அச்சொட்டாக ஒரே மணிதான், வெளிச்சம் மட்டும் கூடக் குறைய இருக்கும். ஆனால் யூரியூப் 480 பிரதியில் இந்தச் சோதனை சரிவராது. நிறத் தகவலை அவர்கள் அமுக்குகிற அமுக்கில் அசல் படமும் பூசினது போலத்தான் தெரியும். குறைந்தது 1080 இல், காப்பகத்தில் இருந்து நேரே எடுத்த கோப்பில் பாருங்கோ.

சுருளின் ஓரத்தையும் சேர்த்து ஸ்கான் பண்ணியிருந்தால் கொடக்கின் வருடக் குறி தெரியும். வட்டம் என்றால் 1936, சதுரம் 1937, முக்கோணம் 1938. இதே குறிகள் 20 வருடத்துக்கு ஒரு முறை திரும்ப வரும். பிலிம் செய்த வருடம் அது. படம் எடுத்தது பிறகாகவும் இருக்கலாம், முந்தி இருக்க முடியாது.

இனிக் குழுவுக்குச் சொல்ல வேண்டியது. முழுக்கக் கலரில் "எழுச்சி" செய்ய முடியாது. எழும்பின வருடங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. கலர் வருவது ஆள் உச்சியில் இருக்கும்போது, பிறகு எல்லாம் இடிந்து விழும்போது. இதை மறைக்காமல் அப்படியே விடுங்கோ. 1919 முதல் 1935 வரை கறுப்பு வெள்ளையாக ஓடிவந்து, 1938 இல் அல்ப்ஸ் மலை வீட்டு மாடியில் திடீரென்று நீல வானமும் பூச்சாடியும் வந்தால் எந்தப் பிள்ளையும் போனைப் பார்க்காது.

பேராறு பதில்:

கனகராயன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒவ்வொரு கலர்ச் சுருளுக்கும் கமரா யார் கையில் இருந்தது என்று முதலில் எழுதி வையுங்கள். அன்று கலர் பிலிம் காசுள்ளவர் பொருள்.

மாடிக் காட்சிகள் ஹிட்லரின் காதலி ஈவா பிரவுன் எடுத்தவை. 16 மி.மீ., 1945 இல் அமெரிக்கப் படை கைப்பற்றியது. இப்போது மேரிலாண்ட் மாநிலம் கொலேஜ் பார்க்கில் உள்ள அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில், 242 ஆம் பதிவுத் தொகுதியில் இருக்கிறது. 1939 ஜூலையில் முனிச்சில் நடந்த ஜேர்மன் கலை விழா ஊர்வலத்தை ஹான்ஸ் ஃபெயராபெண்ட் என்பவரும் அவரது பொழுதுபோக்குப் படக்குழுவும் கலரில் எடுத்தார்கள். போருக்கு ஏறக்குறைய ஏழு வாரம் முந்திய நகரம், கொடியும் பட்டும் பூவுமாக. எழுச்சியின் உச்சத்துக்கு அதைவிட நல்ல சுருள் கிடையாது.

வீழ்ச்சிக்கு ஹொலிவூட் இயக்குநர் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ். அமெரிக்க இராணுவப் படப்பிடிப்புக் குழுவோடு போனவர், தன் பங்குக்கு 16 மி.மீ. கொடக்ரோமில் தனியே எடுத்தார். 1944 ஜூன் நோர்மண்டி, ஒகஸ்ட் பாரிஸ், 1945 டாக்கவ் நாசி வதைமுகாம் எல்லாம் அதில் உண்டு. அது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. 1945 இல் இடிந்த ஜேர்மன் நகரங்களை அமெரிக்க விமானப்படைக் குழு கொடக்ரோமில் எடுத்தது. தேசியக் காப்பகத்தின் 342 ஆம் தொகுதியில் "விசேட படத்திட்டம் 186" என்று தேடுங்கள்.

இவை எல்லாவற்றையும் ஒட்டினால் ஒரு வழுக்கல் இருக்கிறது. கொன்றவர்களின் விடுமுறை கலரில் வரும், கொல்லப்பட்டவர்கள் கலரில் வருவது பெரும்பாலும் பிணமாகத்தான். போலந்தில் யூதரை அடைத்து வைத்த லொட்ஸ் கெட்டோவின் கலர் சிலைடுகள்கூட அங்கே கணக்கு எழுதிய வால்டர் கெனவைன் எடுத்தவை, அதாவது அடைத்து வைத்தவர் பக்கத்துக் கண். ஆகவே கலர் இல்லை என்பதற்காகக் கறுப்பு வெள்ளைக் காட்சிகளைக் கழித்துவிடாதீர்கள். கழித்தால் படம் சர்வாதிகாரியின் குடும்ப அல்பம் ஆகிவிடும்.

உரிமை பற்றி: அமெரிக்க அரச ஊழியர் கடமையில் எடுத்தவற்றுக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை கிடையாது. கைப்பற்றிய ஜேர்மன் படங்களின் நிலை நாட்டுக்கு நாடு மாறும். நம் நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், 11 ஆம் பிரிவில், கற்பித்தலுக்கான நியாயமான பாவனைக்கு இடம் கொடுக்கிறது. ரிக்கெற் போடாத, கல்விக்கான திரையிடலாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு யூரியூப்பில் ஏற்றுவது வேறு கதை. தொலைக்காட்சி நிறுவனங்கள் பூசி வெளியிட்ட காட்சி ஒன்று உள்ளே இருந்தாலும் உரிமைக் கோரிக்கை வந்து நிற்கும்.

திகதி பிழைக்கிற இரண்டு இடங்கள். வரிசையில் நிற்கிற இளையோர் படைப் பொடியன்களின் கன்னத்தைத் தட்டுகிற ஹிட்லர் காட்சியை "கடைசிப் பிறந்தநாள், 1945 ஏப்ரல் 20" என்று போடுவார்கள். அது மார்ச் 20 இல் எடுத்தது, மார்ச் 22 இல் வந்த கடைசி வாராந்தச் செய்திச்சுருளில் இருக்கிறது. மற்றது 1940 ஜூனில், பிரான்ஸ் பணிந்து ஒப்பந்தம் செய்த கொம்பியேனில், ஹிட்லர் சந்தோஷத்தில் குதித்து ஆடுவது. அவர் ஒரு முறை காலைத் தூக்கி ஊன்றினார், நேச நாட்டுப் பிரசாரக்காரர் அந்தத் துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டினார்கள். ஏப்ரல் 30 தற்கொலைக்குப் படமே கிடையாது. அந்த இடத்தில் கறுத்த திரையும் ஒரு வரி எழுத்தும் போதும். பெர்லின் றைஹ்ஸ்டாக் (நாடாளுமன்றக் கட்டடம்) மேல் செங்கொடி ஏற்றுகிற படம் மே 2 இல் யெவ்கேனி கல்டேய் ஒழுங்குபடுத்தி எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படம். அதையும் கலரில் பூசித்தான் பரப்புகிறார்கள்.

நெத்தலியாறு பதில்:

வேகத்துக்கு வாறன். வீட்டு 16 மி.மீ. கமரா செக்கனுக்கு 16 பிரேம் எடுத்தது. அதை அப்படியே 25 பிரேம் ரைம்லைனில போட்டா ஒரு நிமிசக் காட்சி 38 செக்கனில முடிஞ்சிடும். அதுதான் எல்லாரும் பஸ்சைப் பிடிக்கிற மாதிரி ஓடினம். ரைம்லைனை 25 இல வைச்சு, கோப்பு பிரேமுக்குப் பிரேம் ஸ்கான் பண்ணினதெண்டா வேகத்தை 64 வீதம் ஆக்குங்கோ. 8 மி.மீ. 18 பிரேமில ஓடினதெண்டா 72. 24 பிரேமா மாத்தி வைச்ச கோப்பை 24 ஆவே ஓடவிட்டா 67 சரி.

எது சரியெண்டு அறிய ஒரு வழி, காலடியை எண்ணுங்கோ. சாதாரணமா நடக்கிற ஆள் நிமிசத்துக்கு 100 முதல் 120 அடி வைக்கும். 165 வந்தா இன்னும் சரிப்படுத்தேல்லை எண்டு அர்த்தம். 80 வந்தா ஏற்கெனவே ஆரோ குறைச்சு வைச்ச கோப்பை நீங்கள் திரும்பக் குறைச்சிட்டியள். சத்தத்தோட வாற செய்திச்சுருள் 24 பிரேமில எடுத்தது, அதில கைவைக்க வேண்டாம்.

வேகம் குறைக்கேக்க ரிரைம் முறையை "நியரெஸ்ட்" இல வையுங்கோ. "ஒப்ரிக்கல் ஃபுளோ" அழகா வழுக்கும், ஆனா வீசுற கையும் கொடியும் மெழுகு உருகின மாதிரி இழுபடும்.

சீப்புப் பல்லு மாதிரிக் கோடு தெரிஞ்சா அது பழைய வீடியோ நாடாவில இருந்து வந்த பிரதி. முதல்ல ஹான்ட்பிரேக் மென்பொருளில டீஇன்ரர்லேஸ் பண்ணி, அதாவது அந்தக் கோட்டை எடுத்துப்போட்டுத்தான் வேகத்தைத் தொடவேணும். மாறிச் செய்தா அந்தக் கோடு படத்துக்குள்ளயே சுட்டுப்போடும், பிறகு கழட்டேலாது. லினக்ஸ் லப்டொப் எண்டா ரிசோல்வ் இலவசப் பதிப்பு எச்.264 கோப்பைத் திறக்காது, விண்டோஸில திறக்கும்.

16 மி.மீ. படம் 4:3. 1080 திரையில 1440 அகலம், ரெண்டு பக்கமும் கறுப்பு. அகலத்துக்கு இழுத்தா எல்லாரும் குண்டாகீடுவினம், மேலையும் கீழையும் வெட்டினா தொப்பி போயிடும்.

நிறத்தில கனக்க விளையாடாதேங்கோ. கொடக்ரோமில சாயம் கழுவேக்க சேர்க்கிறது, இருட்டில வைச்சா 80 வருசத்துக்குப் பிறகும் நிக்கும். அக்ஃபாகலரில சாயத்துக்கான சரக்கு பிலிமுக்குள்ளயே இருக்கிறது, அது கெதியா மங்கும். மங்கினதுக்கு ஸ்கோப்பில பரேட் எண்ட மூண்டு நிற வரைபடத்தைத் திறந்து, கறுப்புச் சப்பாத்து, வெள்ளைச் சேட்டு ரெண்டிலயும் மூண்டு நிறமும் ஒரே மட்டத்துக்கு வாற மாதிரிச் சரிக்கட்டினாப் போதும். சற்றுரேசனை ஏத்தினா நல்ல அசல் படமும் பூசின படமாத்தான் தெரியும்.

பாலியாறு:

நன்றி அண்ணைமார். பேராறு ரீச்சரின் கணக்கில் கறுப்பு வெள்ளை 15 நிமிடம், கலர் 20 நிமிடம் என்று பிரிக்கலாம் போல. கலர்ச் சுருள் எல்லாம் ஊமைப்படமாக இருக்கே, அதுக்குக் குண்டுச் சத்தம், விமானச் சத்தம், சனம் ஆரவாரிக்கிற சத்தம் சேர்க்கலாமா? குரல் எவ்வளவு எழுத வேண்டும்?

பேராறு பதில்:

சத்தம் சேர்க்க வேண்டாம். முதல் காரணம், அது பொய். ஈவா பிரவுனின் சுருளில் ஒலியே கிடையாது. நீங்கள் பார்த்த படங்களில் கிளாஸ் சத்தம், நாய் குரைக்கிறது எல்லாம் கலையகத்தில் வைத்தது. உதட்டசைவை வாசித்து எழுதின வசனமும் ஊகம்தான். ஹிட்லர் மேடைக்கு வெளியே சாதாரணமாகப் பேசுகிற குரல் வேண்டுமென்றால் ஒரே ஒரு பதிவுதான் பெயர்பெற்றது. 1942 ஜூன் 4, பின்லாந்துத் தளபதி மன்னர்ஹைமின் 75 ஆவது பிறந்தநாள், ரயில் பெட்டிக்குள் களவாக எடுத்த ஏறக்குறைய 11 நிமிடம். அதில் 20 செக்கன் எடுத்து, மேடை முழக்கத்துக்கு அடுத்ததாக வைத்துப் பாருங்கள். ஒரு ஆளின் இரண்டு குரலையும் கேட்கிற பிள்ளைக்கு மேடை என்பது என்ன என்று விளங்கும்.

இரண்டாவது காரணம் நம் மண்டபம். ஸ்டூக்கா விமானம் குத்திக்கொண்டு இறங்குகிற ஊளைச் சத்தத்தைத் தகரக்கூரைக்குக் கீழே பெரிய ஸ்பீக்கரில் விட்டால், அந்தப் பெற்றோருக்கு நினைவு வருவது 1939 போலந்தோ 1940 பிரான்ஸோ அல்ல, நம் போரில் குண்டு போட்ட கிபிர் விமானம். கதிரையை விட்டு எழும்பிப் போகிறவர்களைத் தப்புச் சொல்ல முடியாது. டாக்கவ் பகுதிக்கு ஒரு நிமிடத்துக்கு முன்னரே திரையில் எழுத்துப் போட்டு, எத்தனை நிமிடம் ஓடும் என்றும் சொல்லுங்கள். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கதவு பூட்டாமல் இருக்கட்டும், பின் வரிசை லைற் ஒன்று எரியட்டும். அந்த ஒன்றரை நிமிடத்துக்குக் குரலும் வேண்டாம், இசையும் வேண்டாம்.

குரல்: தமிழ்ச் சொல் நீளம். நிமிடத்துக்கு 90 சொல்லுக்கு மேல் போனால் பிள்ளைகள் படத்தைப் பார்க்கமாட்டார்கள். 35 நிமிடத்தில் பாதிக்குத்தான் குரல் என்று வைத்தால் 1500 சொல். இங்கிலீசு விவரணத்தை மொழிபெயர்த்து அதே இடத்துக்குள் திணிக்கப் பார்த்தால் மூச்சு முட்டும், புதிதாக எழுதுங்கள். தொடக்கத்திலேயே நாசிகளின் சின்னத்தையும் கோவில் சுவஸ்திகாவையும் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுங்கள். கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும்.

நெத்தலியாறு பதில்:

ஒலிப்பதிவுக்கு மெத்தையும் போர்வையும் உள்ள அறை, போன் வாயில இருந்து ஒரு சாண் தள்ளி, நேரே இல்லாமக் கொஞ்சம் சரிச்சு. ஒலி மட்டம் உச்சத்தில -6 டெசிபெலைத் தாண்டப்படாது. பின்னேரம் ஏழுக்குப் பிறகு தவளையும் சில்வண்டும் ஒரு பாட்டுக் கச்சேரி வைக்கும், ஆனபடியா மத்தியானத்தில பதியுங்கோ.

தமிழ் எழுத்துப் போடேக்க கவனம். ரிசோல்வின் சில பதிப்பில "கொ", "கௌ" எல்லாம் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாப் பிரிஞ்சு நிக்கும். லிப்ரே ஒபிஸில நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில அடிச்சு, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமா எடுத்து மேல வையுங்கோ. இல்லாட்டி கடைசி எழுத்து வேலையை மட்டும் கேடென்லைவ் எண்ட இலவசத் தொகுப்பு மென்பொருளில செய்யலாம். ஒவ்வொரு காட்சியும் தொடங்கேக்க கீழ் மூலையில நாலு செக்கன்: "அசல் கலர், ஈவா பிரவுன் எடுத்தது" அல்லது "கறுப்பு வெள்ளை, அரச செய்திச்சுருள்". பூசினது ஒண்டைத் தவிர்க்கேலாமப் போட்டா "நிறம் பிறகு பூசப்பட்டது" எண்டு அந்தக் காட்சி முடியுமட்டும் நிக்கோணும்.

குளக்கட்டு பதில்:

திரையிடலுக்கு மட்டும் சில விசயம். 3000 லூமன் எண்டாலும் 16:9 புரொஜெக்டரில 4:3 படம் போட்டா கால்வாசி வெளிச்சம் பக்கத்துக் கறுப்புக்குப் போகும். ஆகவே 8 அடி அகலம், 6 அடி உயரத்துக்கு மேல ஆசைப்படாதேங்கோ. வெள்ளைப் பெற்சீற் ஒற்றையாக் கட்டினா வெளிச்சம் பின்னால போயிடும், பின்னுக்குக் கறுத்தச் சீலை ஒண்டு சேர்த்துக் கட்டுங்கோ. ஆடி மாசம் எண்டா சோளகக் காத்து யன்னலால வந்து திரையைப் பாய்மரம் ஆக்கும், கீழ் ஓரத்தில சீற்றை மடிச்சுத் தைச்சு அதுக்குள்ள ஒரு பைப் துண்டு போடவேணும். கார்த்திகை, மார்கழியில தகரத்தில மழை விழுந்தா குரல் ஒண்டும் கேளாது, மாசி தாண்டி வையுங்கோ. ஏழு மணிக்கு முன்னம் தொடங்க வேண்டாம், யன்னல் வெளிச்சத்தில பனிமலை எல்லாம் வெளிறிப் போகும்.

கரண்ட் போனா லாம்ப் புரொஜெக்டரின் விசிறியும் நிண்டிடும், லாம்ப் சூட்டோட வெடிக்கலாம். 650 விஏ யூபிஎஸ் ஒண்டு சில நிமிசம் தாங்கும், அது படத்தைத் தொடர்ந்து ஓட்ட இல்லை, புரொஜெக்டரை ஒழுங்கா நிப்பாட்ட. ஸ்பீக்கரை அந்த யூபிஎஸ்ஸில மாட்டாதேங்கோ. ஜெனரேற்றர் இருந்தா கதவுக்கு வெளியில, காத்து அடிக்கிற பக்கத்துக்கு மறுபக்கமா வையுங்கோ, புகை உள்ளுக்கு வரப்படாது.

கோப்பு எச்.264, 25 பிரேம், 8 எம்பிபிஎஸ் எண்டா 35 நிமிசத்துக்கு ஏறக்குறைய 2.1 ஜிபி வரும். பென் டிரைவ் எஃப்ஏரி32 எண்டாலும் 4 ஜிபிக்குள்ள நிக்கிறதால சிக்கல் இல்லை. ரெண்டு பென் டிரைவில போட்டு, முதல் நாளே அதே புரொஜெக்டரில, அதே ஸ்பீக்கரில, கடைசி வரிசைக் கதிரையில இருந்து ஒருக்கா முழுசாப் பாருங்கோ. கீழ் மூலை எழுத்து அங்க இருந்து வாசிக்கேலாட்டி அண்டைக்கு இரவே பெருப்பிக்க நேரம் இருக்கும்.